நடக்க வழி இருக்கு... படுக்க இடம்?

பெரம்பலூரிலிருந்து கங்கைகொண்ட சோழபுரத்துக்கு நடந்தே போனால் என்ன? அரியலூர், உடையார்பாளையம், ஜெயங்கொண்டம் வழியாகச் சுமார் 75 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு 20 கிலோமீட்டர் என்று வைத்தால் நாலு நாள், மூன்று ராத்திரி. கங்கை வரைக்கும் படை அனுப்பிய ராஜேந்திர சோழனின் ஊருக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய தூரம் இல்லை!

செல்போன் மேப்பில் வழி ஒரு நொடியில் வந்துவிடும். ஆனால், ராத்திரி எங்கே படுப்பது, அந்த இடம் யாருடையது? இந்த இரண்டு கேள்விக்கும் மேப்பில் பதில் கிடையாது.

சமயபுரத்துக்குப் பாதயாத்திரை போகும் பெரியவர்களைக் கேட்டால் இந்த விஷயத்தில் வெளுத்து வாங்குவார்கள். எந்த ஊர் மண்டபம், எங்கே குடிதண்ணீர், யாரிடம் சாவி... எல்லாம் புறப்படும் முன்பே பேசி முடித்திருப்பார்கள். டென்ட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் இளைஞர்கள்தான் ‘போய்ப் பார்த்துக்கலாம்’ என்கிறார்கள்.

இந்தப் பாதை முழுக்கச் செல்லுபடியாகும் ஒரே அனுமதிச் சீட்டு என்று எதுவும் இல்லை. நிலம் மாற மாற, கேட்க வேண்டிய ஆளும் மாறுவார். பட்டா நிலம், முந்திரித் தோப்பு என்றால் சொந்தக்காரர். புறம்போக்கு என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் பேச வேண்டும். கோயில் மண்டபம் என்றால் கோயில் நிர்வாகம். பள்ளிக்கூடத் திண்ணையாகவே இருந்தாலும் தலைமை ஆசிரியருக்குத் தெரிய வேண்டும். இவர்களில் யார் சரி சொன்னாலும், அந்தப் பகுதி போலீஸ் ஸ்டேஷனில் பெயர், போன் நம்பர், தங்கும் இடம் மூன்றையும் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. நடுராத்திரியில் ஊர்க்காரர்கள் டார்ச் அடித்து ‘யாருப்பா நீங்க?’ என்று கேட்கும்போது அதுதான் கைகொடுக்கும்.

முதல் ராத்திரி அரியலூருக்கு முன்னால் ஏதாவது ஒரு கிராமத்தில் வரும். கரிசல் மண் பூமி. காய்ந்தால் வெடிப்பு, நனைந்தால் காலை விடாத சேறு. ஒரு மழை பெய்தால் டென்ட் ஆணி நிற்காது. ஐப்பசி, கார்த்திகையில் கிளம்புகிறவர்கள் கூரை உள்ள இடமாகப் பேசி வைப்பதே புத்திசாலித்தனம்.

இரண்டாவது ராத்திரிதான் சிக்கல். 40 கிலோமீட்டர் கணக்குப்படி அது அரியலூரைத் தாண்டி, சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமென்ட் ஆலைகளும் இருக்கும் பக்கம் வந்து விழும். மேப்பில் அங்கங்கே நீல நிறத்தில் அழகாகத் தண்ணீர் தெரியும். ‘ஏரிக்கரையில் கேம்ப் போடலாம்’ என்று ஆசை வரும். அதில் சில ஏரியே இல்லை. கல் வெட்டி எடுத்த பழைய சுரங்கக் குழிகள். ஏரிபோலச் சரிந்து இறங்கும் கரை இருக்காது. ஓரத்தில் மண் சரியலாம், காலெடுத்து வைத்தால் நேரே ஆழம். இருட்டில் தண்ணீர் மொள்ளப் போகிறவருக்கு அது தெரியப்போவதில்லை. அனுமதி இல்லாமல் அங்கே நுழைவதும் குற்றம்தான். இந்த ஒரு ராத்திரிக்கு நடையைக் குறைத்துக்கொண்டு அரியலூர் டவுனிலேயே லாட்ஜ் எடுத்துவிடலாம். கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை!

லாரிகளும் இந்தப் பக்கம்தான் அதிகம். 2024 ஜூலையில் திருச்சி - தஞ்சாவூர் சாலையில் வளம்பக்குடி அருகே, சமயபுரத்துக்கு நடந்துபோன பக்தர்கள் மீது சரக்கு வாகனம் மோதி 5 பேர் உயிரிழந்தார்கள். விடிந்த பிறகு நடை, இருட்டும் முன் நிறுத்தம். வெயிலுக்குப் பயந்து ராத்திரியில் நடப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

‘அப்படியே பச்சைமலையையும் சேர்த்துக்கலாமே?’ என்று குழுவில் ஒருவர் கட்டாயம் கேட்பார். காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். அதுவும் சொன்ன பாதைக்கு, சொன்ன தேதிக்கு மட்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி குரங்கணி காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தக் குழுவுக்கு அனுமதி இருந்தது டாப் ஸ்டேஷன் பாதைக்கு. தீயில் சிக்கியது கொழுக்குமலையிலிருந்து இறங்கும்போது. அதன் பிறகுதான் தமிழகத்தில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. காட்டுத்தீ காலமான பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மலையேற்றம் மூடப்படுகிறது. பரீட்சை முடிந்த கையோடு மலைக்குக் கிளம்பலாம் என்று திட்டம் போடும் மாணவர்கள் காலண்டரைப் பார்த்துக்கொள்ளவும்.

பாதையிலிருந்து விலகி சாத்தனூர் கல்மரப் பூங்கா, கரைவெட்டி பறவைகள் சரணாலயம் பக்கமும் போகலாம். இரண்டுமே பகலில் பார்க்கும் இடங்கள். உள்ளே டென்ட் போட முடியாது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரம், ஏறக்குறைய 12 கோடி வருடப் பழசு. ஞாபகத்துக்கு என்று ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது.

மூன்றாவது ராத்திரியை உடையார்பாளையத்தில் வைப்பதுதான் வசதி. மறுநாள் அங்கிருந்து விடிந்ததும் கிளம்ப வேண்டும். கங்கைகொண்ட சோழபுரம் கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வளாகத்தில் தங்க விடமாட்டார்கள். ஐப்பசி பௌர்ணமி அன்னாபிஷேகம், ஆடித் திருவாதிரை நாட்களில் ஊருக்குள் நிற்கவே இடம் இருக்காது, ரூம் பற்றிக் கேட்கவே வேண்டாம். மற்ற நாட்களில் மதியம் நடை சாத்திவிடுவார்கள். நாலு நாள் நடந்த காலோடு மூடிய கதவின் முன் உட்காராமல் இருக்க, காலை 11 மணிக்குள் போய்ச் சேரும்படி கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.