கடைசி நாள்மேல் பழி போடாதீர்கள்

போன வாரம் திருப்பூர் அவிநாசி ரோட்டில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில், வெளிநாட்டு பையர் ஒருவரின் தளத்தில் பேக்கிங் லிஸ்ட் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஸ்டைல் நம்பர், கலர், சைஸ் வாரியாக எத்தனை பீஸ், நிகர எடை, மொத்த எடை. பாதிப் பெட்டிகளைத் தாண்டியபோது திரை சட்டென்று மாறி லாகின் பக்கம் வந்து நின்றது. மறுபடி உள்ளே போனால் முதல் பெட்டியிலிருந்தே காலி. உதவி எண்ணில் வந்த பதில்: “கடைசி நேரத்துல எல்லாரும் ஏறுவாங்க சார், அப்படித்தான் இருக்கும். காலையிலயே போட்டிருக்கலாமே.” அந்தப் பதிலைவிட, அதைக் கேட்டுப் பக்கத்தில் நின்றவர்கள் தலையாட்டியதுதான் எனக்குத் தாங்கவில்லை.

திருப்பூரில் ஆடிட்டர் ஆபீஸிலிருந்து லாரி ஷெட் வரை இந்த நம்பிக்கை ஊறிப்போய்விட்டது. கூட்டம் சேர்ந்தால் தளம் விழும். விழுந்தால் தட்டியதெல்லாம் போகும். போனால் தப்பு கடைசி நாளில் வந்தவன்மேல். பழியை நாமே எடுத்துத் தலையில் வைத்துக்கொள்கிறோம்.

சரி, 2018 பிப்ரவரி 1-ஆம் தேதியை எடுத்துக்கொள்வோம். லாரியில் போகும் சரக்குக்கான ஈ-வே பில் நாடு முழுக்கக் கட்டாயமான நாள். அன்றே தளம் திணறியது, அன்றே கட்டாயத்தைத் தள்ளிவைத்தார்கள். மாநிலம் தாண்டும் சரக்குக்கு ஏப்ரல் 1-இல்தான் மறுபடி வந்தது. தமிழ்நாட்டுக்குள் ஓடும் சரக்குக்கு ஜூன் 2. அது கடைசி நாளா? முதல் நாள்! முதல் நாளிலேயே விழுந்த தளத்துக்கு எந்த வியாபாரி எப்படி முன்கூட்டியே போயிருக்க முடியும்?

உள்ளே நடப்பது இதுதான். பெரிய தளம் ஒரே சர்வரில் ஓடுவதில்லை. முன்னால் நிற்கும் லோட் பேலன்சர், வருகிறவர்களைப் பல சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும். நீங்கள் லாகின் செய்ததும், நீங்கள் யார், எதுவரை நிரப்பினீர்கள் என்ற செஷன் விவரத்தை ஒரு சர்வர் தன் நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்தடுத்த கிளிக்குகளையும் லோட் பேலன்சர் அதே சர்வருக்கே அனுப்பும். மலிவான ஏற்பாடு, நன்றாக ஓடும்வரை அழகு. அந்த சர்வர் சாய்ந்தாலோ, லோட் பேலன்சரே விழுந்து மாற்று லோட் பேலன்சர் பொறுப்பேற்று உங்களை வேறு சர்வருக்குத் திருப்பினாலோ, அந்தப் புது சர்வருக்கு உங்களைத் தெரியாது. வாசலுக்கு அனுப்பிவிடும். தளத்தை நடத்துகிறவரின் திரையில் எல்லாம் பச்சையாகவே எரியும், ‘சேவை நிற்கவில்லை’ என்று கணக்கு எழுதுவார். உங்கள் பேக்கிங் லிஸ்ட் மட்டும் போயிருக்கும்.

இதில் கூட்டத்தின் பங்கு எவ்வளவு? சர்வர் சாய்வதற்குக் கூட்டம் காரணமாகலாம். தட்டியது அழிவதற்கு ஒரே காரணம், அதை அந்த ஒரு சர்வரில் மட்டும் வைத்ததுதான். நள்ளிரவில் நாலே பேர் உள்ளே இருக்கும்போது பராமரிப்புக்காக அந்த சர்வரை நிறுத்தினாலும் அந்த நாலு பேரும் வெளியே விழுவார்கள். செஷனை எல்லா சர்வர்களுக்கும் பொதுவான இடத்தில், நகலோடு வைத்தால் இது நடக்காது. ரெடிஸ் போன்ற மென்பொருள் 2009 முதல் இதற்குக் கிடைக்கிறது. ஒவ்வொரு வரியையும் தட்டத் தட்ட டேட்டாபேஸில் சேமித்துவிட்டால் இன்னும் நிம்மதி. டிஸ்க் கெட்டாலும், டேட்டா சென்டரையே சூறாவளி தூக்கிப் போனாலும் கார்ட்டில் பொருள் போடுவது நிற்கக் கூடாது என்று அமேசான் பொறியாளர்கள் 2007-லேயே ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். கார்ட்டில் கிடக்கும் ஒற்றை டி-ஷர்ட்டுக்கு இருக்கும் பாதுகாப்பு, கன்டெய்னர் நிறைய டி-ஷர்ட் அனுப்புகிறவனின் பேக்கிங் லிஸ்டுக்கு இல்லை!

நம் நிட்டிங் மெஷினில் நூல் அறுந்தால் விளக்கு எரிந்து மெஷின் நிற்கும். ஆபரேட்டர் முடிச்சுப் போட்டு ஓட்டினால் விட்ட இடத்திலிருந்து ஓடும். அதுவரை ஓட்டிய துணியை மெஷின் விழுங்கிவிட்டால், அப்படிப்பட்ட மெஷினை யாராவது வாங்குவார்களா?

ஆனால் கூட்டம்தான் காரணம் என்ற நம்பிக்கையை அரசே காலண்டரில் ஏற்றிவிட்டது. 2020 ஜனவரியில் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற வரிக் கணக்குத் தாக்கலை 20, 22, 24 என்று மூன்று தேதிகளாகப் பிரித்தார்கள். தமிழ்நாட்டின் சிறு வியாபாரிக்கு 22. ஆனால் தளம் கடைசித் தேதிக்காகக் காத்திருப்பதில்லை. 2025 ஜனவரியில் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலுக்கு 11-ஆம் தேதி கடைசி. தளம் 10-ஆம் தேதியே படுத்துவிட்டது. முந்திப் போனவனும் மாட்டிக்கொண்டான். கெடு 13-க்குப் போனது. நாம் தாமதித்தால் நாளுக்கு 50 ரூபாய், வரிப் பாக்கிக்கு 18 சதவீத வட்டி, யாரும் சொல்லாமலே ஓட ஆரம்பிக்கும். தளம் தாமதித்தால் ஓர் அறிவிப்பாணைக்காக நாடே காத்திருக்க வேண்டும். ஈ-வே பில் இல்லாமல் லாரி பிடிபட்டால் வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம். தளம் தொங்கிக்கொண்டிருந்தது என்று செக்கிங் அதிகாரியிடம் சொல்லிப் பாருங்கள். 15 நிமிடம் கை வைக்காவிட்டால் ஜிஎஸ்டி தளம் வெளியே தள்ளுகிறது. நடுவில் ஒரு பில்லைத் தேடி எடுக்கவே அந்த நேரம் ஆகும் என்பதை யார் யோசித்தார்கள்?

2024 ஜூனில் ஈ-வே பில்லுக்கு இரண்டாவது தளம் திறந்தார்கள். ஒன்றில் போட்டது சில நொடிகளில் மற்றதற்கும் போய்ச் சேரும் என்றார்கள். முதல் நாள் விழுந்து ஆறு வருடம் கழித்து! முடியாத காரியம் இல்லை என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். மனம் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த முறை உங்கள் கம்பெனிக்கு ஈஆர்பி விற்க வருகிறவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். ஒரு படிவத்தைப் பாதி நிரப்புங்கள். உங்கள் செஷன் ஓடும் சர்வரை உங்கள் கண் முன்னால் நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு ‘சேமி’ பொத்தானை அமுக்குங்கள். நிரப்பியது அப்படியே இருந்தால் அட்வான்ஸ் கொடுங்கள். லாகின் பக்கம் வந்தால் அவரை அனுப்பிவிடுங்கள்.