பத்தாம் வகுப்பில் பாதியில் நின்ற பாடம்



என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலிருந்து பரிணாமம் நீக்கப்பட்ட செய்தியையும், அதற்கு ஒன்றிய அரசுத் தரப்பு சொல்லும் சமாதானத்தையும் படித்தேன். பல ஆண்டுகள் இதே வகுப்புக்கு அறிவியல் நடத்தியவன் என்ற முறையில் அந்தச் சமாதானத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

பழைய புத்தகத்தில் மரபுவழியும் பரிணாமமும் ஒரே பாடம். இப்போது தலைப்பில் மரபுவழி மட்டும் மிஞ்சியிருக்கிறது. தலைமுறைக்குத் தலைமுறை உயிர்களில் சின்னச் சின்ன வேறுபாடுகள் சேர்கின்றன என்று பாடம் தொடங்குகிறது. மெண்டலின் பட்டாணிச் செடி வருகிறது, ஆணா பெண்ணா என்பது எப்படித் தீர்மானமாகிறது என்பது வருகிறது. அத்தோடு சரி. சேர்ந்த வேறுபாடுகள் என்ன ஆகும் என்ற கேள்விக்கு வரும்போது பாடம் முடிந்துவிடுகிறது. பந்தியில் உட்காரவைத்து, இலை போட்டு, தண்ணீர் தெளித்து, சோறு போடாமல் எழுப்பி அனுப்பியதைப் போல இருக்கிறது.

வெட்டப்பட்ட பக்கங்களில் வண்டுக் கதை ஒன்று உண்டு. பசும்புதரில் சில சிவப்பு வண்டுகள். காக்கைக்குச் சிவப்பு பளிச்சென்று தெரியும், கொத்தித் தின்னும். தற்செயலாகப் பச்சையாகப் பிறந்த ஒரு வண்டு இலையோடு இலையாக ஒளிந்து தப்பிக்கிறது, அதன் குஞ்சுகளும் தப்பிக்கின்றன. இன்னொரு புதரை ஒரு யானை மிதித்துவிடுகிறது. அங்கே பிழைத்தவை எந்தத் திறமையாலும் பிழைக்கவில்லை, மிதிபடாத இடத்தில் இருந்ததால் பிழைத்தன. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இது சுமையா? மனப்பாடமே தேவைப்படாத பக்கங்கள் அந்தப் புத்தகத்தில் இருந்தன என்றால், அவை இவைதான்.

நான் இருப்பது பெரம்பலூர் மாவட்டம். பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் மானாவாரி மண். பரிணாமம் தெரியாவிட்டால் என்ன குடி மூழ்கிவிடும் என்று கேட்பவர்களுக்கு எங்கள் பருத்திக் காட்டையே காட்டுவேன். பி.டி. பருத்திக்கு இந்தியாவில் 2002-ல் அனுமதி கிடைத்தது. செடியே காய்ப்புழுவுக்கு நஞ்சாகிவிடுவதால் மருந்துச் செலவு மிச்சம் என்றார்கள். ஆனால் 2010-லேயே, குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் தலைமுறை பி.டி. நஞ்சைத் தாங்கி வளர்கிறது என்று விதையை உருவாக்கிய நிறுவனமே ஒப்புக்கொண்டது. பின்னர் இரண்டு நஞ்சு சேர்த்த விதைக்கும் அதே கதி.

“புழு மருந்துக்குப் பழகிப்போச்சுங்க” என்பார்கள் கடைக்காரர்கள். எந்தப் புழுவும் பழகவில்லை. நஞ்சைத் தாங்காத புழுவெல்லாம் செத்தது. தாங்கும் குணத்தோடு பிறந்திருந்த ஒன்றிரண்டு பிழைத்து, அடுத்த போகத்தில் அவற்றின் பிள்ளைகள் காட்டை நிறைத்தன. டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வு இதுதான்.

இதைத் தள்ளிப்போட ஒரு வழியும் சொல்லியிருந்தார்கள். 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதா விதை தனிப் பொட்டலமாக வந்தது. அதை வயலைச் சுற்றி ஓரத்தில் விதைக்க வேண்டும். அந்தச் செடிகளில் நஞ்சைத் தாங்காத புழுக்கள் பிழைத்து, அந்துப்பூச்சியாகி, தாங்கும் பூச்சிகளோடு கூடும். அப்படிப் பிறக்கும் புழுவுக்குத் தாங்கும் குணம் ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே வந்திருக்கும், அது பி.டி. செடியைத் தின்றால் சாகும். மெண்டலும் டார்வினும் கைகோத்து வேலை செய்யும் இடம் அந்தச் சிறிய பொட்டலம். நாடு முழுக்கப் பெரும்பாலான விவசாயிகள் அதை விதைக்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய காட்டில் புழுவுக்கு எதற்கு இடம் விடுவது என்ற நியாயமான கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே! இன்றைய பத்தாம் வகுப்பு மாணவன்தான் நாளை அந்தக் காட்டுக்குச் சொந்தக்காரன். அவனுக்கு மெண்டலைக் கொடுத்துவிட்டு டார்வினைப் பிடுங்கிக்கொண்டால், பொட்டலம் திரும்பவும் வரப்போரத்தில்தான் கிடக்கும்.

கொரோனாவால் பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்பது 2022-ல் சொன்ன காரணம். ஊரடங்கு முடிந்து பள்ளிகள் வழக்கம்போல் நடக்கும்போதும் வெட்டியது வெட்டியதுதான். டெல்டா, ஓமிக்ரான் என்று ஒரு கிருமி கண்முன்னே உருமாறி, தடுப்பூசி போட்டவரையும் மறுபடி படுக்கவைத்ததைப் பார்த்த பிள்ளைகள் இவர்கள். அது ஏன் நடந்தது என்று விளக்கும் பாடத்தை, அந்தக் கிருமியின் பெயரைச் சொல்லியே எடுத்திருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் ‘நாம் ஏன் நோயுறுகிறோம்’ என்ற பாடமும் போய்விட்டதைச் சொன்னால் சிலர் நம்புவதில்லை.

பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறதே, இணையத்தில் கிடைக்கிறதே என்றார் 2023-ல் கல்வித்துறை இணையமைச்சராக இருந்த சுபாஷ் சர்க்கார். இருக்கிறது, உயிரியல் எடுத்தவர்களுக்கு. ஆண்டுதோறும் சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோரில், வணிகவியலுக்கும் கணினிக்கும் போகிறவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டவே போவதில்லை. இணையத்தில் கிடைப்பதெல்லாம் புத்தகத்தில் வேண்டாம் என்றால் எந்தப் பாடம்தான் மிஞ்சும்?

சுமைதான் காரணம் என்று நம்பியிருப்பேன், 2018 நினைவுக்கு வராவிட்டால். அப்போதைய மனிதவள மேம்பாட்டு இணையமைச்சர் சத்யபால் சிங், குரங்கு மனிதனாக மாறியதை யாரும் பார்த்ததில்லை, அதனால் டார்வின் சொன்னது தவறு, பாடத்திட்டத்தையே மாற்ற வேண்டும் என்று பேசினார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் சேர்ந்து கண்டனம் தெரிவித்தன. மூத்த அமைச்சர் பிரகாஷ் ஜாவடேகர் அவரை அடக்கினார். அன்று அடக்கிய பேச்சு இன்று சத்தமில்லாமல் புத்தகத்தில் நடந்திருக்கிறதோ என்று சந்தேகப்படுவது என் குற்றமல்ல. நீக்கத்தை எதிர்த்து 2023 ஏப்ரலில் பிரேக்த்ரூ சயின்ஸ் சொசைட்டி வெளியிட்ட கடிதத்தில் 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

சத்யபால் சிங்கின் சந்தேகம் என் வகுப்பிலும் எழுந்ததுதான். “அப்போ இப்ப இருக்கிற குரங்கு ஏன் சார் இன்னும் குரங்காவே இருக்கு?” மாணவர்கள் கேட்டால் அழகு, அமைச்சர் கேட்டால் அழகில்லை. நாம் இன்றைய குரங்கிலிருந்து வரவில்லை, இருவருக்கும் வெகுகாலத்துக்கு முன் பொது மூதாதை ஒன்று இருந்தது என்ற பதில் அந்த நீக்கப்பட்ட பக்கங்களிலேயே இருந்தது. மனிதர் அனைவரும் ஒரே இனம், தோல் நிறத்தை வைத்துப் பிரிப்பதற்கு உயிரியலில் ஆதாரம் இல்லை என்பதும் அங்கேதான் இருந்தது. பிறப்பை வைத்து ஆளை எடைபோடும் நாட்டில் அந்தப் பத்தி போனதற்குத்தான் எனக்கு அதிக வருத்தம்.

நம் சமச்சீர்ப் புத்தகத்தில் ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’ தனிப் பாடமாகவே இருக்கிறது, திருவக்கரைக் கல்மரங்கள் உட்பட. அதற்காக மார்தட்டிக்கொள்ள வேண்டாம். “அதைச் சாய்ஸில் விட்டுடு” என்று சொல்லும் ஆசிரியர்கள் நம்மிடமும் உண்டு.

நீக்கிய பகுதிகளை அடுத்த பதிப்பிலேயே திரும்பச் சேர்க்க வேண்டும். அதுவரை, தமிழ்நாட்டில் உள்ள சி.பி.எஸ்.இ. பள்ளிகளின் முதல்வர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பழைய பதிப்பில் அந்தப் பக்கங்கள் இருக்கின்றன. தேர்வில் கேள்வி வராது என்பதால் நடத்தக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. மெண்டலை முடித்த கையோடு இரண்டு பிரிவேளை ஒதுக்கி அதையும் நடத்த உங்கள் ஆசிரியர்களை அனுமதியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர்,
பெரம்பலூர் மாவட்டம்.
ஜூன் 2023