வேதாளம் எப்போ மரத்தை விட்டு இறங்கும்?

டிஸ்கி: ஒரு பதிமூணு பாக ரத்தக்காட்டேரிக் கதை, பொன்னியின் செல்வன், விக்கிரமாதித்தன் வேதாளம், இந்த மூணோட முடிவையும் கீழே போட்டு உடைச்சிருக்கேன். இன்னும் படிக்காதவங்க இப்பவே அப்பீட் ஆகிக்கலாம். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது, ஆமா.

ஊத்துக்குளியிலிருந்து கோயமுத்தூருக்கு வேலைக்கு ட்ரெயின்ல போய் வர்றவன் நான். அந்த நேரத்தை ஓட்டறதுக்காகவே நிறையப் படிக்கிறேன். அப்படி மொபைல்லயே படிச்சு முடிச்சதுதான் சார்லெய்ன் ஹாரிஸ் எழுதின சூக்கி ஸ்டாக்ஹவுஸ் நாவல்கள். 2001-ல் வந்த 'டெட் அன்டில் டார்க்' முதல் புத்தகம். அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில், பான் டெம்ப்ஸ்னு ஒரு கற்பனைச் சின்ன ஊர். அங்கே ஒரு பார்ல சர்வரா வேலை பார்க்கிற பொண்ணு சூக்கி. அடுத்தவங்க மனசுல ஓடுறதெல்லாம் அவளுக்குக் கேட்கும். நினைச்சுப் பாருங்க, சாப்பிட வர்ற ஒவ்வொருத்தனும் மனசுக்குள்ள என்ன நினைக்கிறான்னு கேட்டுக்கிட்டே தட்டு எடுத்து வைக்கணும்னா எவ்வளவு கொடுமை! ஜப்பான்காரங்க செயற்கை ரத்தம் கண்டுபிடிச்சதால, அந்த உலகத்தில் ரத்தக்காட்டேரிகள் எல்லாம் சவப்பெட்டியை விட்டு வெளியே வந்து ஊருக்குள்ளேயே நடமாட ஆரம்பிச்சுடுது. அதுல ஒருத்தன் பில். அவன் மனசு மட்டும் அவளுக்குக் கேட்காது. அந்த நிம்மதிக்காகவே அவனைப் பிடிச்சுப் போகுது. இதுதான் தொடக்கம்.

அப்புறம் எரிக்னு இன்னொரு காட்டேரி வர்றான். வாசகர்கள் பில் கட்சி, எரிக் கட்சின்னு ரெண்டாப் பிரிஞ்சாங்க. நம்ம ஊர்ல ரஜினி, கமல் சண்டை மாதிரின்னு வெச்சுக்கங்க. 2008-ல் எச்பிஓ இதை 'ட்ரூ ப்ளட்'னு டிவி தொடரா எடுத்ததும் கூட்டம் எக்கச்சக்கமா ஏறிடுச்சு.

2013 மே மாசம் பதிமூணாவது நாவல் 'டெட் எவர் ஆஃப்டர்'. இதோட முடிஞ்சதுன்னு ஹாரிஸ் சொல்லிட்டாங்க. அதுல சூக்கி பில்லோடயும் போகலை, எரிக்கோடயும் போகலை. முதல் புத்தகத்திலிருந்தே பக்கத்துல இருக்கிற பார் முதலாளி சாம், அவனோட சேருற மாதிரி முடிச்சாங்க. புத்தகம் கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே இந்த முடிவு வெளியே கசிஞ்சுடுச்சு. அவ்வளவுதான். படிக்காமலே திட்டினாங்க, காசைத் திருப்பிக் கொடுன்னாங்க, எழுதினவங்களுக்கு மிரட்டல்கூட வந்துச்சு. ஒரு கற்பனைப் பொண்ணு ஒரு கற்பனைப் பையனோட சேர்ந்ததுக்கு!

இதுல என் கட்சி ரொம்ப சிம்பிள். எரிக்கோட சேரலைன்னு எனக்கும் வருத்தம்தான். ஆனா முடிச்சது ஹாரிஸோட உரிமை. இன்னும் பத்துப் புத்தகம் இழுத்திருந்தா காசு கொட்டியிருக்கும். சொல்ல வந்ததைச் சொல்லி முடிச்சாச்சுன்னு தெரிஞ்சப்புறமும் இழுக்காம நிறுத்தினாங்களே, அதுக்கே அந்த அம்மாவுக்கு ஒரு கும்பிடு போடணும்.

இந்தக் கூத்து நமக்கொண்ணும் புதுசில்லை மக்களே. 1950 அக்டோபர்ல கல்கி பத்திரிகையில் பொன்னியின் செல்வன் ஆரம்பிச்சுது. வாராவாரம் மூணரை வருஷம் ஓடி, 1954 மே மாசம் முடிஞ்சுது. முடிஞ்சதும் வாசகர்கள் என்ன பண்ணாங்க தெரியுமா? திடுதிப்புன்னு நிறுத்திட்டீங்களே, அவர் என்ன ஆனார், இவங்க கல்யாணம் என்ன ஆச்சுன்னு கேட்டாங்க. கல்கி அதுக்குன்னே ஒரு முடிவுரை எழுதினார். சமூகக் கதைன்னா கல்யாணத்திலோ சாவிலோ நிறுத்திடலாம், சரித்திரக் கதைக்கு அப்படி முடியாதுன்னு விளக்கி, பாத்திரங்கள் பின்னாடி என்ன ஆனாங்கன்னு சுருக்கமா சொல்லிட்டுப் போனார்.

கவனிச்சுப் பாருங்க. கதைக்குப் பேரே பொன்னியின் செல்வன். பின்னாளில் ராஜராஜ சோழன் ஆகப் போறவர். ஆனா அவர் பட்டம் கட்டிக்கிறதைக் கதை காட்டவே இல்லை. கிடைக்க இருந்த மகுடத்தை அவர் உத்தம சோழனுக்கு விட்டுக்கொடுக்கிற இடத்தோட கதை நின்னுடுது. சரித்திரப்படி அவர் அரியணை ஏறினது 985-ல். அதுவரை இழுத்திருந்தா இன்னும் அஞ்சு பாகம் எழுதியிருக்கலாம், பத்திரிகையும் வித்திருக்கும். அஞ்சாம் பாகத்துக்குப் பேரு 'தியாகச் சிகரம்'. சிகரத்துக்கு மேல ஏற என்ன இருக்கு? அங்கேயே நின்னுட்டார்.

நின்னதும் நல்லதாப் போச்சு. கல்கி 1954 டிசம்பர் 5-ந் தேதி காலமாயிட்டார். முடிவுரை எழுதி ஏழு மாசம்கூட ஆகலை. அப்போ அவர் எழுதிக்கிட்டிருந்த 'அமரதாரா' பாதியில் நின்னு போச்சு. அப்பா வெச்சிருந்த குறிப்புகளை வெச்சு மகள் ஆனந்திதான் அதை முடிச்சாங்க. வாசகர்கள் ஆசைக்காக பொன்னியின் செல்வனையும் இழுத்துக்கிட்டே போயிருந்தா, அதுவும் இந்த வரிசையில் சேர்ந்திருக்குமோ என்னவோ. எழுதுறவங்களும் நம்மள மாதிரி மனுசங்கதான். கதையை முடிக்க அவங்களுக்கு இருக்கிற நாளும் கணக்குத்தான்.

சரி, ரத்தக்காட்டேரிக்குத் திரும்ப வருவோம். நம்மகிட்டயே ஒரு ஆள் இருக்காரே, வேதாளம்! ரிச்சர்ட் பர்ட்டன் 1870-ல் இந்தக் கதைகளை இங்கிலீஷ்ல எழுதினப்போ 'விக்ரம் அண்ட் த வாம்பயர்'னுதான் பேர் வெச்சார். டிராகுலா நாவல் வந்தது 1897-ல். ஆக, இங்கிலீஷ்ல பார்த்தாலும் நம்மாளு டிராகுலாவுக்கு 27 வருஷம் சீனியர் :-)

வேதாளம்னதும் ஒரு படம் கண்ணுல வருதில்ல? கையில் உருவின வாள், தோளில் பிணம், சுத்தியும் சுடுகாடு. அம்புலிமாமாவில் அதை வரைஞ்சவர் ஓவியர் சங்கர். எங்க மாவட்டத்துக்காரர்தான், ஊரு காரத்தொழுவு. 1924-ல் பிறந்து 2020-ல் 96 வயசுல காலமானார். அடுத்த வருஷம் பத்மஸ்ரீ அறிவிச்சாங்க.

அம்புலிமாமா ஆரம்பிச்சது 1947 ஜூலையில். வேதாளக் கதை மூலத்தில் மொத்தமே இருபத்தஞ்சுதான். வேதாள பஞ்சவிம்சதின்னு பேர்லயே கணக்கு இருக்கு. அம்புலிமாமாவில் அது தீர்ந்த பிறகும் அவங்களே புதுசு புதுசா எழுதி, மாசாமாசம் பல வருஷம் ஓட்டினாங்க. எல்லாம் நல்ல கதைகள், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா ராஜா மட்டும் பாவம், மாசாமாசம் மரம் ஏறி இறங்கிக்கிட்டே இருந்தார். 2010-களின் தொடக்கத்தில் பத்திரிகை அச்சில் வர்றதே நின்னு போச்சு. அவரை வீட்டுக்கு அனுப்பி வைக்க ஆளில்லை.

எங்க அம்மாகிட்ட பழைய அம்புலிமாமா ஒரு கட்டு இருந்துச்சு. அம்மா படிச்சு, அப்புறம் நான் படிச்சது. கடைசியில ராஜா என்னதான் ஆனாருன்னு சின்ன வயசுல கேட்டப்போ அம்மாவுக்கும் தெரியலை, அம்முச்சிக்கும் தெரியலை. காலேஜ் படிக்கிறப்பதான் மூலக்கதைக்கு முடிவு இருக்குங்கறதே எனக்குத் தெரிஞ்சுது. பதினோராம் நூற்றாண்டில் சோமதேவர் எழுதின கதாசரித்சாகரத்தில் இருக்கு.

முடிவு இதுதான். பிணத்தைக் கொண்டுவரச் சொன்ன சாமியார்தான் வில்லன். ராஜாவைப் பலி கொடுத்துப் பெரிய சித்தி அடையணும்னு திட்டம். கடைசிக் கதையில் வேதாளம் ஒரு உறவுமுறைக் கேள்வி கேட்குது. ஒரு அப்பன் ஒரு பொண்ணைக் கட்டிக்கிறான், அவன் மகன் அந்தப் பொண்ணோட அம்மாவைக் கட்டிக்கிறான். ரெண்டு ஜோடிக்கும் பிறக்கிற குழந்தைகள் ஒருத்தருக்கொருத்தர் என்ன முறை? ராஜாவுக்குப் பதில் தெரியலை. பேசாம நடக்கிறார். வேதாளம் சந்தோஷப்பட்டு, சாமியாரோட திட்டத்தைப் போட்டுக் கொடுத்துடுது. "கீழே விழுந்து கும்பிடு"ன்னு சாமியார் சொல்றப்போ, "எப்படின்னு காட்டுங்க சாமி"ன்னு ராஜா கேட்கிறார். சாமியார் குனியறார். ஒரே வெட்டு.

இதை அம்மாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. "அட ஏஞ்சாமி, நானும் இத்தனை வருசமா அந்தாளு நடந்துக்கிட்டேதான் இருக்காருன்னு நெனச்சேன். இன்னிக்குத்தான் வூடு போய்ச் சேர்ந்திருக்காரு"ன்னாங்க. சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னாங்க. ஆனா அம்முச்சிக்கு இதைச் சொல்ல முடியலையே, அவங்க அதுக்குள்ள போய்ட்டாங்களேன்னு அம்மாவுக்கு ஒரு குறை இருக்கு. எனக்கும்தான்.

கோடு எழுதிப் பிழைக்கிறவன் கண்ணுல பார்த்தா, வேதாளக் கதை ஒரு லூப். ராஜா பதில் தெரிஞ்சும் சொல்லலைன்னா தலை வெடிக்கும். சொன்னா மௌனம் கலைஞ்சு, பிணம் மறுபடி மரத்துக்குப் போயிடும். இந்த லூப்பிலிருந்து வெளியே வர ஒரே வழி, பதில் தெரியாத கேள்வி. அந்தக் காலத்துக் கதைசொல்லி எக்ஸிட் கண்டிஷனை எவ்வளவு அழகா வெச்சிருக்கான் பாருங்க! எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னதால கதை முடியலை. ஒரு கேள்விக்குப் பதில் இல்லாம வாயை மூடினதால முடிஞ்சுது.

கோபப்பட்ட வாசகர்களுக்கு நான் சொல்ல நினைக்கிறதும் இதுதான். ஆதித்த கரிகாலனைக் கொன்னது யாருன்னு கல்கி கடைசிவரை அடிச்சுச் சொல்லலை. அதனாலதான் இத்தனை வருஷம் கழிச்சும், 2022, 2023-ல் மணிரத்னம் படம் வந்தப்போ வீட்டுக்கு வீடு அதைப் பேசிக்கிட்டிருந்தோம். ஹாரிஸ் என்ன பண்ணாங்க? வாசகர்கள் நச்சரிப்பு தாங்காமலோ என்னவோ, 2013 அக்டோபர்ல 'ஆஃப்டர் டெட்'னு ஒரு குட்டிப் புத்தகம் போட்டாங்க. யாருக்கு என்ன ஆச்சுன்னு அகர வரிசையில் ஒரு பட்டியல். வாக்காளர் பட்டியல் மாதிரி இருந்துச்சு. ஒருத்தர் கோபமும் அதனால தணிஞ்சதாத் தெரியலை. 'ட்ரூ ப்ளட்' டிவிக்காரங்க 2014-ல் முடிச்சப்போ இன்னும் உஷாரா, சூக்கியோட புருஷன் முகத்தைக் காட்டாமலே விட்டுட்டாங்க. அதுக்கும் திட்டு விழுந்துச்சு. ஆக, எப்படி முடிச்சாலும் திட்டுதான். அப்போ எழுதறவங்க தனக்குச் சரின்னு பட்டபடி முடிச்சுட்டுப் போறதுதானே நியாயம்?

"பத்துப் பன்னெண்டு வருஷம் காசு போட்டு வாங்கிப் படிச்சவனுக்கு உரிமை இல்லையா?"ன்னு கேட்பீங்க. இருக்கு. பிடிக்கலைன்னு சொல்ல இருக்கு, விமர்சனம் எழுத இருக்கு, அடுத்த புத்தகம் வாங்காம இருக்க இருக்கு. உனக்குப் பிடிச்ச மாதிரி நீயே ஒரு தொடர்ச்சி எழுதவும் இருக்கு. பொன்னியின் செல்வனுக்குத் தொடர்ச்சியா விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதலையா? ஆனா இப்படித்தான் முடிக்கணும், முடிக்கவே கூடாதுன்னு கழுத்துல துண்டு போட்டு இழுக்கிற உரிமை யாருக்கும் இல்லை.

எங்க பக்கம் பனியன் தைக்கிறவங்களைக் கேட்டா ஒண்ணு சொல்வாங்க. பனியன் அடியில் மடிச்சு அடிக்கிற ஃப்ளாட்லாக் தையலைக் கடைசியில் சரியா லாக் பண்ணாம விட்டா, நூல் முனையைப் பிடிச்சு ஒரே இழு, சரசரன்னு மொத்தமும் கையோட வந்துடும். துணி எவ்வளவு ஒசத்தியா இருந்தும் பிரயோஜனம் இல்லை. முடியாத தொடர்களும் அப்படித்தான். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினோட அஞ்சாவது புத்தகம் வந்தது 2011-ல். ஆறாவதுக்குக் காத்திருந்து காத்திருந்து, முதல் அஞ்சைத் திரும்பப் படிக்கிற ஆசையே விட்டுப் போச்சுன்னு சொல்ற ஃப்ரெண்ட்ஸ் எனக்கு இருக்காங்க. இந்தப் பக்கம் ஜெயமோகன் 2014 ஜனவரியில் வெண்முரசு ஆரம்பிச்சு, தினம் ஒரு அத்தியாயமா 26 நாவல் எழுதி, 2020 ஜூலையில் முடிச்சார். அவர் எழுத்து பிடிக்கும் பிடிக்காதுங்கறது வேற விஷயம். ஆரம்பிச்சதை முடிச்சார் பாருங்க, அதுதான் எனக்குப் பெருசாத் தெரியுது.

கடைசியா நம்ம ஏரியா. பழைய தமிழ்ப் பதிவுகளைத் தோண்டிப் படிக்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. எத்தனை 'தொடரும்'கள்! மணாலிக்கு டூர் கிளம்பின அண்ணன் ஒருத்தர், நாலாம் பகுதியில் டெல்லி ஸ்டேஷன்ல டீ குடிச்சுட்டு 'தொடரும்' போட்டவர், 2008-லிருந்து அங்கேயே நிக்கறார். இன்னொரு அக்கா எழுதின பேய்க்கதையில் கதவு தட்டற சத்தம் கேட்டுச்சு. யாருன்னு இன்னிக்கு வரை தெரியலை. சிரிப்பா இருந்தாலும் எங்கயோ லேசா வலிக்குதுங்க. ஏன்னா அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் நான் இன்னும் உட்கார்ந்திருக்கேன்.

அதனால பதிவர் பெருமக்களே, உங்க கணக்குல அரைகுறையா ஏதாவது கிடந்தா தூசு தட்டி எடுத்து, நாலு பத்தியில் முடிச்சு வைங்க. முடிவு சுமாரா இருந்தாலும் பரவாயில்லை. நான் வந்து படிக்கிறேன், பின்னூட்டத்தில் திட்டவும் செய்யறேன். மிரட்ட மட்டும் மாட்டேன் :-)