கதியாலும் மனச்சாட்சியும்

இடம்பெயர்ந்த மக்களிடையே பாவத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு விதமான பதில்கள் வருவதுண்டு. ‘எல்லாம் யுத்தம் செய்த வேலை, எங்களில் என்ன பிழை?’ என்பது ஒன்று. ‘நாங்கள் செய்த பாவத்துக்குத்தான் ஆண்டவர் எங்களை இப்படி அலைய வைத்தார்’ என்பது மற்றது. இரண்டும் துன்பத்திலிருந்து பிறந்த பேச்சுக்கள். ஆகையால் அவற்றை இலேசாகத் தள்ளிவிட முடியாது. ஆயினும் முதலாவது எமது பொறுப்பைப் பிறர்மேல் போடுகிறது. இரண்டாவது பிறர் செய்த அநீதியை எம்மேல் போடுகிறது. யார் எதற்குப் பொறுப்பு என்பது இரண்டிலும் குழம்பிப் போகிறது.

கி.மு. 597 இல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குக் கொண்டு செல்லப்பட்ட மக்களும் இவ்வாறே பேசினர். முன்னோர் தின்ற புளிப்புக்குப் பின்னோரின் பல் கூசுகிறது என்ற கருத்தில் அவர்களிடையே ஒரு பழமொழி வழங்கியது. அவர்களோடு அகதியாக இருந்த எசேக்கியேல் இறைவாக்கினர், அந்தப் பழமொழியை இனிச் சொல்ல வேண்டாம் என்கிறார். அவருடைய நூலின் 18 ஆம் அதிகாரத்தில் இதைக் காணலாம். ஒவ்வொருவரும் தத்தம் செயலுக்கே கணக்குக் கொடுப்பர் என்பதே அவர் போதனை. பாபிலோன் செய்தது சரி என்று அவர் சொல்லவில்லை. ஊரும் வயலும் ஆலயமும் பறிபோனாலும், நன்மையைத் தெரிந்துகொள்ளும் உரிமையை எவராலும் பறிக்க முடியாது என்று அந்த மக்களுக்கு உணர்த்தினார்.

அந்த உரிமையைப் பயன்படுத்துவது எளிதல்ல. நன்மையை விரும்பியும் தீமையையே செய்யும் மனிதனின் உட்போராட்டத்தைப் புனித பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 7 ஆம் அதிகாரத்தில் மறைக்காமல் எழுதியுள்ளார். புனித அகுஸ்தீனாரோ, இளமையில் தோழரோடு பேரிக்காய் களவெடுத்ததைத் தம் ‘ஒப்புதல்கள்’ நூலில் ஆராய்கிறார். பசி அவரைத் தூண்டவில்லை; தவறு செய்வதிலேயே ஓர் இன்பம் இருந்தது என்கிறார். 1546 இல் திரிதெந்துப் பொதுச்சங்கம் இதுபற்றித் தெளிவாகப் போதித்தது: திருமுழுக்குப் பெற்ற பின்னும் பாவநாட்டம் எம்மில் தங்கியிருக்கிறது, ஆனால் சம்மதம் கொடாதவரை அது பாவமாகாது. கெட்ட எண்ணம் வந்துவிட்டதே என்று கலங்குவோருக்கு இது பெரும் ஆறுதல். எண்ணம் படலையைத் தட்டலாம். திறப்பதும் திறவாததும் எம் கையில்.

சாவான பாவத்துக்கு மூன்று காரியங்கள் வேண்டும் என்பது திருச்சபையின் போதனை. விடயம் பாரதூரமானதாக இருக்க வேண்டும். அது பாவமென்று அறிந்திருக்க வேண்டும். முழுமனதோடு சம்மதிக்க வேண்டும். அச்சமும் பலவந்தமும் பழக்கமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என 1992 இல் வெளிவந்த கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி நூலும் கூறுகிறது. உயிர் தப்ப வேறு வழியில்லாத வேளையில் பிறர் பொருளை எடுப்பது களவாகாது என்று 13 ஆம் நூற்றாண்டிலேயே புனித தோமஸ் அக்குவினாஸ் எழுதினார். ஆகவே, பட்டினி கிடந்த பிள்ளைக்காகக் கைவிடப்பட்ட வளவொன்றில் தேங்காய் பொறுக்கிய தாய் மனம் வெதும்பத் தேவையில்லை. அந்த வளவின் வேலியையே பின்னர் தன் பக்கமாகச் சேர்த்துக் கட்டியவரின் கதை வேறு.

இங்கேதான் நாம் எம்மைச் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய பல குடும்பங்கள் 20, 25 ஆண்டுகளுக்கு மேலாகத் தம் காணியை மிதிக்க முடியாதிருந்தன. 2009 இல் வன்னியிலிருந்து முகாம்களுக்குப் போனவர்கள் உறுதிகளையும் தொலைத்துவிட்டுத் திரும்பினர். கதியால் உக்கி, எல்லைக்கல் புதைந்து, பற்றை மூடிய நிலத்தில் வேலி அரக்குவது மிகச் சுலபம். ‘அவன் வெளிநாட்டில்தானே, திரும்பி வரவா போகிறான்?’ என்று உள்ளே ஒரு குரல் கேட்கும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் காணிகள் விடயத்திலும் அதே குரல் கேட்கும். அவர்களுடைய வேலியும் வேலிதான்.

10 ஆண்டுகள் இடையூறின்றித் தனியார் காணியொன்றை எதிரிடையாக ஆண்டவர் உரிமை கோர 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் இடமளிக்கிறது. யுத்தத்தால் வழக்குப் போட முடியாதிருந்தோரின் நன்மைக்காக 2016 இல் விசேட சட்டமொன்று நிறைவேற்றப்பட்டது. அதற்கும் தவணை இருந்தது. நீதிமன்றத்தில் தவணை தப்பியவர் தோற்கலாம். அதனால் மற்றவரின் மனச்சாட்சி வென்றுவிட்டதாகாது. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் கடமைக்குத் திருச்சபை தவணை வைக்கவில்லை. ஒப்புரவு அருட்சாதனம் பாவத்தை மன்னிக்கிறது. செய்த நட்டத்தை ஈடுசெய்ய வேண்டியவர் நாமே. ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சக்கேயு முன்வந்ததை லூக்கா நற்செய்தி கூறுகிறது.

எம் பெருங்காணிகளைப் பிடித்து வைத்திருந்தோரை விட்டுவிட்டு ஏழை விவசாயியின் ஓரடி வேலியைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1984 இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், சமூகப் பாவம் என்பது தனிமனிதர் பலரின் பாவங்கள் திரண்டு உருவாவது என்று விளக்கினார். அதன்படி, கட்டளையிட்டவரும், அதனால் இலாபம் பெற்றவரும், தடுக்கக்கூடியவராக இருந்தும் பேசாதிருந்தவரும் பொறுப்பாளிகளே. அவர்களிடம் நீதி கேட்பதை நாம் ஒருபோதும் நிறுத்தலாகாது. ஆனால் எம் நிலத்தைத் தா என்று கேட்கும் வாய், அயலவனின் நிலத்தைப் பற்றி மௌனமாக இருந்தால் அந்தக் கோரிக்கை பலமிழக்கும்.

எனவே எமது ஆலோசனை இது. காலபோக விதைப்புக்கு முன், ஒவ்வொரு கிராமத்திலும் அயலவர்கள் கூடி எல்லைகளைப் பார்க்கட்டும். பழைய எல்லை தெரிந்த முதியவர்களையும், தேவையெனில் நில அளவையாளரையும் அழைக்கட்டும். காணிக்காரர் ஊரில் இல்லையென்றால், எல்லையை எழுதிப் பங்குத்தந்தையிடமோ பள்ளிவாசலிலோ கோவில் பரிபாலன சபையிடமோ ஒரு பிரதி கொடுத்து வைக்கட்டும். தள்ளி நட்ட கதியாலைப் பிடுங்கி உரிய இடத்தில் நடுவதற்கு அரை நாள் வேலை போதும். அதற்கு முந்திய இரவில் மனதுக்குள் நடக்கும் போராட்டமே கடினமானது. அந்தப் போராட்டத்தில் இறைவனின் அருள் எமக்குத் துணை நிற்கும். அலவாங்கை எடுக்க வேண்டியது நாம்.