‘போர்ஸ்’ போட்டால் எல்லாம் புதுசாகுமா?

பழைய சி ப்ரோஜெக்ட் ஒன்றை ராஸ்பெரி பையில் பில்ட் பண்ணப் போனேன். கொன்பிகர் ஸ்கிரிப்ட் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. இது என்ன மெஷின் எண்டே அதுக்குத் தெரியேல்லை. மெஷினை அடையாளம் காணுற கொன்பிக்.கெஸ், கொன்பிக்.சப் என்ற இரண்டு துணைக் கோப்புகளும் 64-பிட் ஆர்ம் வாறதுக்கு முதலே யாரோ கொப்பி பண்ணி வைத்தவை. ஆட்டோரீகொன்ஃப் கட்டளைக்கு ‘போர்ஸ்’, ‘இன்ஸ்டால்’ இரண்டையும் சேர்த்துக் கொடுத்தேன். வேலை செய்தது.

கன பேர் சொல்லும் புத்திமதியும் இதுதான்: “எஃப்-ஐ போடு, விடு.” எனக்கு இதில் உடன்பாடில்லை.

ஒன்று, அது கேட்காமலே அழிக்கும். அந்த ப்ரோஜெக்ட்டின் ‘இன்ஸ்டால்’ கோப்பில் முந்திப் பராமரித்தவர் கைப்பட எழுதிய குறிப்புகள் இருந்தன. அவை போய், அதே இடத்தில் க்னூவின் பொதுவான விளக்கம் வந்து உட்கார்ந்திருந்தது. கிட்டில் இருந்தபடியால் தப்பினேன்.

மற்றது இதைவிட மோசம். பெயர்தான் ‘போர்ஸ்’, ஆனால் எல்லாவற்றையும் அது மாற்றாது. எம்4 மேக்ரோ கோப்புகளின் தலையில் ஒரு சீரியல் எண் இருக்கும். ஏக்லோக்கல் அந்த எண்ணைப் பார்த்து, பெரிசு எதுவோ அதைத்தான் புதுசு எண்டு எடுக்கும். 2024இல் பிடிபட்ட எக்ஸ்ஸெட் பின்கதவை நினைத்துப் பாருங்கோ. 5.6.0, 5.6.1 டார்போல்களில் மாத்திரம் இருந்த, கிட்டில் இல்லாத பில்ட்-டு-ஹோஸ்ட்.எம்4 தான் அதன் வாசல். பெயர் க்னூலிப்பில் உள்ள உண்மையான கோப்பினுடையது. சீரியல் எண் மட்டும் 30. அசலில் அது ஒற்றை இலக்கம். ‘போர்ஸ்’ போட்டுத் திரும்ப உருவாக்கினாலும் அது அசையாது. எஸ்எஸ்எச் லொகின் அரைச் செக்கன் பிந்துது எண்டு அன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் கவனித்திருக்காவிட்டால்?

தான் புதுசு எண்டு ஒரு கோப்பு தானே சொல்ல, அதை நம்புவது என்ன பாதுகாப்பு?

இப்ப நான் செய்யிறது: முதலில் கொமிட். பிறகு, கருவிகள் கொண்டுவந்து போட்ட கோப்புகளை நானே அழிக்கிறேன். (எம்4 ஃபோல்டரை முழுசாய் அழிக்காதேங்கோ, உங்கட சொந்த மேக்ரோவும் அதுக்குள்ளதான் கிடக்கும்.) பிறகு உருவாக்கி, டிஃப்பை வாசிக்கிறேன். அலுப்பான வேலைதான்.

சின்ன ப்ரோஜெக்ட்டுக்கு இவ்வளவு தேவையோ எண்டு கேட்பீர்கள். எக்ஸ்ஸெட்டையும் கனகாலமாய்ப் பெரும்பாலும் ஒரேயொரு தன்னார்வலர்தான் பராமரித்து வந்தார்.