யோபுவின் நண்பர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்

காலையில் போனைத் திறந்தால் முதலில் வந்து விழுவது வசனம்தான். சூரிய உதயம், ஓரத்தில் ஒரு புறா, நடுவில் மஞ்சள் எழுத்தில் ஒரு வரி, கீழே 'இன்று உங்களுக்கான பாடம்'. செம்பூரில் ஹார்பர் லைன் ரயிலில் தொங்கிக்கொண்டு போகிற எனக்கும் அதே பாடம், தூத்துக்குடியில் இருக்கிற அத்தைக்கும் அதே பாடம், தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேரோடு இருக்கிறவருக்கும் அதே பாடம்: கஷ்டம் வந்தால் கடவுள் உன்னைச் சோதிக்கிறார், பொறு, இரண்டு மடங்காகத் திரும்பி வரும்.

வசனத்தோடு எனக்கு ஒரு சண்டையும் கிடையாதுங்க. தினமும் வாசிக்கிறவன்தான். சண்டை எல்லாம் அந்தப் பாடத்தோடுதான்.

2021 ஏப்ரலில் எங்கள் கட்டிடத்தில் ஒரு அக்காவின் கணவர் கொரோனாவில் போய்விட்டார். ஊருக்கு உடலைக் கொண்டுபோக முடியவில்லை. மூன்றாம் நாள் போனில் ஜெபம் பண்ண வந்தவர்கள் யோபுவைப் படித்துவிட்டு, "இதிலும் ஆண்டவர் உனக்கு ஏதோ கற்றுத் தருகிறார்" என்றார்கள். அந்த அக்கா கேட்டது ஒரே கேள்வி: "எனக்குப் பாடம் நடத்த அவரையா எடுக்கணும்?" அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். யோபு புத்தகத்தில் மொத்தம் 42 அதிகாரம். முதல் இரண்டும் கடைசியில் கொஞ்சமும் கதை. மற்றதெல்லாம் சண்டை. எலிப்பாசு, பில்தாது, சோப்பார் என்று மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு நாள் வாயைத் திறக்காமல் கூடவே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் நல்லவர்கள். அப்புறம் பேச ஆரம்பித்தார்கள் பாருங்கள், அங்கேதான் வினை. நீ ஏதோ தப்பு செய்திருக்கிறாய், கடவுள் உன்னைத் திருத்துகிறார், தாழ்ந்து போ. இன்றைக்குப் புறா படத்தோடு வருவதும் இதுதானே?

கடைசி அதிகாரம் ஏழாம் வசனத்தில் கடவுளே எலிப்பாசைக் கூப்பிட்டு, உன் மேலும் உன் இரண்டு நண்பர்கள் மேலும் எனக்குக் கோபம், நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை, யோபுதான் சரியாகப் பேசினான் என்கிறார். கத்தினவன், வழக்காடினவன், பிறந்த நாளையே சபித்தவன் சரி. அவனுக்கு விளக்கம் சொன்னவர்கள் தப்பு. புத்தகத்தின் தீர்ப்பே இதுதான்.

இப்போது நம் கத்தோலிக்க நாள்காட்டியைப் பாருங்கள். வார நாள் முதல் வாசகங்கள் இரண்டு ஆண்டுச் சுற்றில் வருகின்றன. அதில் யோபுவுக்குக் கிடைத்தது பொதுக்காலம் 26ஆம் வாரம், இரண்டாம் ஆண்டு, ஆறே ஆறு நாள். நண்பர்களின் பேச்சு ஒரு நாளும் கிடையாது. சனிக்கிழமை 42ஆம் அதிகாரம் வரும்போது ஆறாம் வசனத்திலிருந்து பன்னிரண்டாம் வசனத்துக்குத் தாவிவிடும். ஏழாம் வசனம் காலி! ஆடும் ஒட்டகமும் இரண்டு மடங்கு வந்ததைக் கேட்கிறோம். நண்பர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டதைக் கேட்பதில்லை. வேண்டுமென்றே மறைத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தினமும் பூசைக்குப் போகிறவருக்கும் அந்தத் தீர்ப்பு காதில் விழாது என்பது நிஜம்.

2020இல் அந்த வாரம் செப்டம்பர் 28இல் தொடங்கியது. செவ்வாய்க்கிழமை அதிதூதர்கள் திருவிழா வந்ததால், யோபு தன் பிறந்த நாளைச் சபிக்கிற வாசகமும் அந்த ஆண்டு விடுபட்டது. சனிக்கிழமை, அக்டோபர் 3, எல்லாம் சுபம்.

ஐந்து நாள் கழித்து, அக்டோபர் 8ஆம் தேதி, ராஞ்சியில் ஸ்டேன் சுவாமி கைதானார். திருச்சிப் பக்கம் விரகாலூரில் பிறந்த நம்ம ஊர் இயேசு சபைச் சாமியார். வயது 83. பல பத்தாண்டுகள் ஜார்க்கண்டு ஆதிவாசிகளின் நிலத்துக்காகவும், விசாரணை இல்லாமல் சிறையில் கிடந்த அவர்களுடைய பிள்ளைகளுக்காகவும் உழைத்தவர். பீமா கோரேகாவ் வழக்கில் என்.ஐ.ஏ. அவரை மும்பைக்குக் கொண்டுவந்து தலோஜா சிறையில் வைத்தது. பார்க்கின்சன் நோயால் கை நடுங்கி டம்ளரைப் பிடிக்க முடியாதவர். நவம்பரில் உறிஞ்சுகுழலும் உறிஞ்சு குவளையும் வேண்டும் என்று நீதிமன்றத்தில் கேட்டார். பதில் சொல்ல என்.ஐ.ஏ. 20 நாள் அவகாசம் கேட்டது. 2021 மார்ச்சில் ஜாமீன் மறுக்கப்பட்டது. ஜூலை 5ஆம் தேதி பாந்த்ராவில் மருத்துவமனையில் இறந்தார். விசாரணை தொடங்கவே இல்லை.

அவர் கைதான நாளின் நற்செய்தி என்ன தெரியுமா? லூக்கா 11. நள்ளிரவில் நண்பன் வீட்டுக் கதவைத் தட்டி மூன்று அப்பம் கேட்கிறவனின் உவமை. உள்ளே இருக்கிறவன், கதவு பூட்டியாச்சு, தொந்தரவு செய்யாதே என்கிறான். இதை வைத்து 'விடாமல் ஜெபித்தால் உனக்குக் கிடைக்கும்' என்று எத்தனை மறையுரை கேட்டிருப்போம்! அவன் தனக்காகவா கேட்டான்? வழியில் வந்த இன்னொருவனின் பசிக்காகக் கேட்டான்.

சிறையில் தனக்குச் சாப்பிடவும் குளிக்கவும் கூட இருந்த கைதிகள்தான் உதவினார்கள் என்று ஸ்டேன் சுவாமியே கடிதம் எழுதியிருந்தார். அவர்கள் அவருக்குத் துன்பத்தின் பொருளை விளக்கிக்கொண்டிருக்கவில்லை. சோற்றை ஊட்டினார்கள்.

"வழக்கு இருந்ததே, அரசியலை ஏன் வேதத்தில் கலக்கிறீர்கள்?" என்பார்கள். குற்றவாளியா இல்லையா என்று சொல்ல வேண்டிய விசாரணைதான் நடக்கவே இல்லையே ஐயா. அதோடு, கை நடுங்குகிற கிழவருக்கு உறிஞ்சுகுழல் கொடுக்க எந்தத் தீர்ப்பும் தேவையில்லை.

இன்னொரு கேள்வி, இது நியாயமானது: "ஊரை விட்டு வந்து தனியாகக் கிடக்கிறவர்களுக்கு ஒரு வசனம்தானே ஆறுதல், அதையும் பிடுங்கலாமா?" பிடுங்க வேண்டாம். அழுகிறவர் தானே எடுத்துப் படித்து, என் துன்பத்தில் இதைக் கற்றேன் என்றால் அது சாட்சி. நான் தலை குனிந்து கேட்பேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, உன் துன்பத்தில் உனக்கு இதுதான் பாடம் என்றால் அது எலிப்பாசு.

ஆகவே, காலையில் வாசியுங்கள். யோபுவை வாசித்தால் 3ஆம் அதிகாரத்தையும் 42:7ஐயும் தாண்டாமல் வாசியுங்கள். வாசித்து முடித்ததும், இன்று எனக்கு என்ன பாடம் என்று கேட்பதற்கு முன்னால், இன்று யாருக்குத் தண்ணீர் வேண்டும் என்று கேளுங்கள். சொல்ல ஒன்றும் தோன்றவில்லையா? அந்த நண்பர்களின் முதல் ஏழு நாளைப் போல வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். அது போதும்.