புதுப் பேரோட வாற பழைய கிறீம்

2020இல ‘ஃபெயார் அன்ட் லவ்லி’ தன்ர பேரை ‘க்ளோ அன்ட் லவ்லி’ எண்டு மாத்திக்கொண்டது. வெள்ளை எண்டு வாய்விட்டுச் சொல்லக் கொம்பனிகளுக்கே கூச்சம் வந்திட்டுது. ‘க்ளோ’ வந்தது, ‘பிரைட்னிங்’ வந்தது. இப்ப ‘பெப்டைட்’. டிக்டொக்கைத் திறந்தால் ஒரு சின்னப் போத்தில், அதுக்குள்ள சொட்டுச் சொட்டா விஞ்ஞானம். சிலதின்ர விலையைக் கேட்டால் மகாபொலக் காசுதான் ஞாபகம் வருது.

பெப்டைட் பொய் இல்லை. அது அமினோ அமிலங்கள் கோர்த்த ஒரு சின்னச் சங்கிலி. நொனாபெப்டைட்-1, ‘மெலனின் செய்’ எண்டு கலத்துக்கு வாற ஹோர்மோன் செய்தியை வாசல்லயே மறிக்கும். டெக்காபெப்டைட்-12, மெலனின் செய்யிற டைரோசினேஸ் நொதியத்தைத் தடுக்கும். ஆய்வுகூடத் தட்டில வளர்த்த கலத்தில இது நடக்குது. முகம் தட்டு இல்லையே. 500 டால்டனுக்கு மேற்பட்ட மூலக்கூறுகளைத் தோலின்ர மேல்படை லேசில உள்ள விடாது எண்டு 2000ஆம் ஆண்டிலயே எழுதி வைச்சிருக்கினம். ஒரு அமினோ அமிலம் சராசரியா 110 டால்டன். ஒன்பதைக் கோர்த்தால்? ஓ.எல். பிள்ளையே கணக்குச் செய்யும். கொழுப்பு வால் ஒட்டி உள்ள அனுப்பப் பார்க்கினம், சரி. ஆனால் மனிசரில செய்த சோதனைகள் அநேகமாச் சின்னவை. கன இடத்தில வேற மருந்தோட சேர்த்துப் பூசியிருக்கினம். அப்ப வேலை செய்தது எது?

இதைச் சொன்னோன்ன எங்கட முற்போக்கு அண்ணாமார் கைதட்டுவினம்: “கறுப்புத்தான் அழகு தங்கச்சி, ஒண்டும் பூசாதேங்கோ.” அவையோடயும் எனக்குச் சண்டைதான். பரு மாறின பிறகு கன்னத்தில மாசக்கணக்கா நிக்கிற கறுத்த அடையாளம் ஒருத்தியின்ர நிறம் இல்லை, அது காயத்தின்ர மிச்சம். கறுத்த தோலில அது கூட வரும், கூடக் காலம் நிக்கும். பிள்ளை வயித்தில இருக்கேக்க வாற மங்கும் அப்பிடித்தான். அதுக்கு மருந்து தேடுறவளுக்குத் ‘தாழ்வு மனப்பான்மை’ எண்டு வகுப்பெடுக்கிறது அநியாயம். புள்ளியை மாத்த விரும்புறது வேற, முகத்தையே மாத்த விரும்புறது வேற. விக்கிறவை ரெண்டையும் வேணுமெண்டே குழப்பினம். புள்ளிக்கெண்டு வாங்க வைச்சு, முகம் முழுக்கப் பூசச் சொல்லினம்.

இதில மோசம், கலியாணத்துக்கு மூண்டு மாசம் இருக்கேக்க கைமாறுற பேரில்லாத ‘நைட் கிறீம்’ டப்பா. இப்பிடியானதுகளுக்குள்ள கடும் ஸ்டீரொய்ட் இருக்கலாம். கொஞ்ச நாளில முகம் பளிச்செண்டும். விட்டோன்ன சிவந்து, பருப்போட்டு, தோல் மெலிஞ்சு போகும். பாதரசம் இருந்தால் சிறுநீரகத்தையே பழுதாக்கும். இப்ப அதே டப்பாவில ‘பெப்டைட்’ எண்டு ஸ்டிக்கர் ஒட்ட எவ்வளவு நேரம் செல்லும்?

எங்கட தோலை வைச்சு யோசிக்கிறது எப்பவும் கடைசியிலதான். தோல் வகை பிரிக்கிற ஃபிற்ஸ்பற்றிக் அளவுகோலே 1975இல வெள்ளைத் தோலுக்கெண்டு தொடங்கினது. மண்ணிற, கறுத்த தோலுக்கு நம்பர் பிறகுதான் கிடைச்சது. ஆனபடியால் விக்கிறவரைக் கேளுங்கோ: எந்தப் பெப்டைட், எத்தனை வீதம், ஆற்ற தோலில சோதிச்சது?

கறுத்த தோலைக் கண்ணுக்குத் தெரியிற வெளிச்சமும் இன்னும் கறுப்பாக்கும். அதை மறிக்க இரும்பு ஒக்சைட் சேர்த்த, நிறம் போட்ட சன்ஸ்கிறீம் வேணும். அசெலயிக் அமிலம் கனகாலமாப் பாவனையில இருக்கிற மருந்து. அதை எழுதித் தரக்கூடிய தோல் வைத்தியர் போதனா வைத்தியசாலைக் கிளினிக்கில இருக்கிறார். காசில்லை, வரிசைதான் நீளம்.